ஹாதிம் அறுத்த குதிரை

பாலைவனம் என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? தகிக்கும் வெயில், தொலைவில் நெளியும் கானல்நீர், நா வறண்ட பயணி. வைகறையில் உளூச் செய்யக் குழாயைத் திறக்கும்போது விரல்கள் விறைத்துப்போகும் கடுங்குளிர் உங்கள் நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் உம்ராவை நிறைவேற்றி, மதீனா முனவ்வராவில் ஸியாரத்தும் முடித்து, அங்கிருந்து வட அரேபியாவின் மலைகளையும் மணற்காடுகளையும் சாலை வழியாகக் கண்டுவந்த பிறகே, பாலைவனத்துக்கு ஒரு குளிர்காலம் உண்டு என்பதை என் எலும்புகள் அறிந்துகொண்டன.

அந்தப் பயணத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் குடும்பத்திலும் சபராளிகள் இருப்பார்கள். நாளை நீங்களும் அவர்களைக் காணச் செல்லக்கூடும். ஆகவே அத்தவறு உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஒரே சாலையில் மூன்று நண்பர்கள்

கல்லூரியில் வரலாறு படித்த மூன்று ஆண்டுகளும் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சவூதி அரேபியாவின் ஹாயில் நகரில் ஏ.சி. பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். மற்றொரு வகுப்புத் தோழர் புரைதாவில் தையற்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரர் வேறொருவர் அல்உலாவில் பேரீச்சந்தோட்டம் ஒன்றில் பணிபுரிகிறார். நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மதீனாவிலிருந்து அல்உலா, ஹாயில், புரைதா வழியாக ரியாத்வரை வளைந்து செல்லும் ஒரு பாதையில் மூவரும் வரிசையாக இருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,400 கிலோ மீட்டர்.

ஒவ்வொரு பெருநாளன்றும் ஹாயில் நண்பர் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி முடிக்கும்போது, "உம்ராவுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகாதே" என்பார். முன்பு உம்ரா விசாவில் சென்றவர்கள் புனித நகரங்களைத் தாண்டிச் செல்வது கடினம். அண்மைக் காலத்தில் நாட்டின் பிற பகுதிகளுக்கும் செல்ல அனுமதி கிடைத்திருக்கிறது. ஆயினும் விதிகள் மாறக்கூடியவை. நீங்கள் செல்வதாயின், உங்கள் குழுத் தலைவரிடம் அன்றைய நிலையைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். நானும் என்னுடன் மதரஸாவில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் அவ்வாறே கேட்டறிந்து, திரும்பும் விமானச் சீட்டை ரியாத்திலிருந்து எடுத்துக்கொண்டோம்.

ஹாயில் நண்பர் தம் பழைய டொயோட்டா வண்டியை ஓட்டிக்கொண்டு மதீனாவுக்கே வந்து நின்றார். "வேலை கெடாதா?" என்று கேட்டேன். "குளிர்காலத்தில் ஏ.சி.யை யார் தேடுகிறார்கள்? எனக்கு இப்போது வேலையே இல்லை" என்று சிரித்தார். நாங்கள் நம்பினோம். நீங்களாக இருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

குளிர்காலப் பயணிக்குச் சில செய்திகள்

ஹாயில் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகலில் இதமான வெயில் காயும். இரவிலோ உறைநிலையை நெருங்கும் குளிர். கனமான ஓர் உடையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்க மூன்று மெல்லிய உடைகளே நல்லவை. நடக்கும்போது கழற்றலாம், நின்றவுடன் அணியலாம். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரைக் குறைத்து எடுத்துச் செல்லாதீர்கள். ஓடைப் படுகை சமதளமாக இருக்கிறதென்று அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். பாலைவனத்தில் மழை பெய்வது பெரும்பாலும் இப்பருவத்தில்தான். எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக அப்படுகையில் பாய்ந்து வரும். மணலில் இறங்குமுன் எந்த வழியாகச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை நகரில் ஒருவரிடமேனும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

மார்க்கம் தந்த சலுகைகளின் அருமையும் அக்குளிரில்தான் விளங்கும். உளூவுடன் அணிந்த தோல் காலுறையின்மீது, உள்ளூரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவும், பயணி மூன்று பகல் மூன்று இரவும் மஸ்ஹுச் செய்யலாம் என்ற சட்டத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். நம் ஊரில் அது தேர்வுக்கு எழுதும் பாடம். ஜுப்பாவின் விடியற்காலையில் அது ரஹ்மத்.

என் தோழர் ஷாஃபிஈ, நான் ஹனஃபி. அவர் லுஹரோடு அஸரைச் சேர்த்துத் தொழுதுவிடுவார். நானோ லுஹரைக் கஸ்ராகத் தொழுதுவிட்டு, அஸருக்கு மீண்டும் வண்டியை நிறுத்தச் சொல்வேன். "இரண்டு மத்ஹபுக்கும் என் வண்டி கித்மத் செய்கிறது" என்று நண்பர் கூறுவார். ஒரு முறையேனும் முகம் சுளித்தவரல்லர்.

தண்ணீரில் ஒரு பங்கு

மதீனாவிலிருந்து அல்உலா ஏறத்தாழ 330 கிலோ மீட்டர். சாம் நாட்டு ஹாஜிகள் வந்த பழைய வழித்தடம் இந்தப் பக்கமாகத்தான் சென்றது. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 1908இல் வந்து சேர்ந்த ஹிஜாஸ் இரயில் பாதையின் நிலையக் கட்டடங்கள் சில இன்றும் நிற்கின்றன. ஏறத்தாழ 1,300 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு உலக முஸ்லிம்கள் நன்கொடை திரட்டினார்கள். இந்திய முஸ்லிம்களின் பணமும் அதில் இருந்தது. முதல் உலகப் போரின் தாக்குதல்களில் அது சிதைந்தது.

அல்உலா ஒரு பசுமையான பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான மணற்பாறை மலைகள், நடுவே பேரீச்சந்தோட்டங்கள். எங்கள் ஊர்க்காரர் நெய்ச்சோறு ஆக்கி, சகனில் பரிமாறி, எங்களோடு அமர்ந்து உண்டார். மறுநாள் காலை அவருடன் தோட்டங்களின் ஊடாகப் பழைய ஊருக்கு நடந்து சென்றோம். கல்லாலும் மண்ணாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 900. கடந்த நூற்றாண்டின் எண்பதுகள்வரை அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஊரின் ஓரத்தில் 'தன்தூரா' என்னும் நிழற்கடிகாரத் தூண் நிற்கிறது. குளிர்காலம் தொடங்கும் நாளில் அத்தூணின் நிழல் தரையில் பதித்த கல்லைத் தொடுமாம். அதைக் கண்டு உழவர்கள் விதைப்பைத் தொடங்குவார்களாம். நாங்கள் சென்றது அந்நாள் கழிந்த சில தினங்களில்.

அல்உலாவுக்கு வடக்கே சற்றுத் தொலைவில் இருக்கிறது ஹிஜ்ர். திருக்குர்ஆனின் 15ஆம் அத்தியாயம் அப்பெயரையே கொண்டது. மக்கள் அதனை மதாயின் ஸாலிஹ் என்பர். மலைகளைக் குடைந்த 111 பெரிய கல்லறைகள் அங்குள்ளன. அவற்றுள் 94 சிற்ப வேலைப்பாடுள்ளவை. அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமுன் நபத்தியர் செதுக்கியவை என்பது தொல்லியல் அறிஞர்களின் முடிவு. அவர்களுக்கு முன்னர் அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் ஸமூது கூட்டத்தார் என்பது நம் நம்பிக்கை. 2008இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சவூதியில் அத்தகுதி பெற்ற முதல் இடம் அதுவே.

உள்ளே செல்வதா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக்கை நோக்கிச் சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டோரின் அவ்விடங்களில் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்று தோழர்களைத் தடுத்தார்கள். தலையை மூடிக்கொண்டு விரைந்து கடந்தார்கள். அங்குள்ள கிணறுகளில் இறைத்த நீரைக் கொட்டிவிடவும், அந்நீரால் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடவும் பணித்தார்கள். ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் இறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் ஏராளமாகச் செல்கிறார்கள். செல்வோரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. என் கண்கள் அங்கே அழும் என்று எனக்கு உறுதியில்லை. ஆகவே நான் செல்லவில்லை. மற்ற இருவரும் செல்லவில்லை.

அன்றிரவு ஸமூதின் குற்றத்தை எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் ஒட்டகத்துக்கு, ஒரு நாள் உங்களுக்கு என்று தண்ணீர் பங்கிடப்பட்டிருந்தது. அந்தப் பங்கைக் கொடுக்க மனமில்லாமல் ஒட்டகத்தை வெட்டினார்கள். வறண்ட நிலத்தில் தண்ணீரில் ஒரு பங்கை மறுப்பது எத்தகைய பாவம் என்பதை, அந்நிலத்தில் நின்று பார்த்தால்தான் உணர முடியும்.

நஃபூதின் செம்மணல்

அல்உலாவிலிருந்து ஹாயிலுக்கு ஏறத்தாழ 430 கிலோ மீட்டர். நண்பரின் அறைக்கு இரவில் போய்ச் சேர்ந்தோம். அவ்வறையில் மூவர் வசிக்கின்றனர். அன்று மற்ற இருவரையும் காணவில்லை. எங்களுக்காக வேறொரு அறையில் நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. அதையும் நான் பெரிதாக எண்ணவில்லை.

மறுநாள் ஹாயிலுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஜுப்பாவுக்குச் சென்றோம். பெரும் நஃபூத் என்னும் செம்மணற் கடலின் நடுவே அமைந்த சிற்றூர் அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குமுன் அவ்விடம் ஏரியாக இருந்தது. உம்மு ஸின்மான் என்னும் மலையில் அக்கால மக்கள் மனிதர்களையும் மாடுகளையும் ஒட்டகங்களையும் வரையாடுகளையும் பாறைகளில் செதுக்கியிருக்கிறார்கள். 2015இல் இச்செதுக்கல்களும் உலக மரபுச் சின்னமாயின. மலையடிவாரத்தில் மெல்ல நடந்து பாருங்கள். இன்று ஒரு புல்லும் இல்லாத இடத்தில், கொழுத்த மாடுகள் பாறையில் நிற்கின்றன. தண்ணீர் இருந்தது, போய்விட்டது.

1879 ஜனவரியில் ஆன் பிளண்ட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி தம் கணவருடன் ஒட்டகங்களிலும் குதிரைகளிலும் இந்த நஃபூதைக் கடந்து, ஜுப்பாவில் தங்கி, ஹாயிலுக்குச் சென்றார். அவரும் குளிர்காலத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். கோடையில் இம்மணலில் எவரும் விளையாட்டாக இறங்க முடியாது.

ஊரின் எல்லையில் நண்பர் நான்கு சக்கரங்களிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தார். சக்கரம் அகன்று பரவினால்தான் மணலில் புதையாது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பெரியதொரு மணற்குன்றின்மேல் நடந்து ஏறினோம். முகத்துக்கு நேரே ஏறினால், ஓர் அடி வைக்க அரை அடி சறுக்கும். குன்றின் முதுகு வரம்பைப் பிடித்துக்கொண்டு, முன்னால் செல்பவரின் காற்சுவட்டிலேயே கால் வைத்து ஏற வேண்டும். நண்பர் முன்னே சென்றார். அவர் சுவட்டில் நாங்கள் சென்றோம். உச்சியை அடைய முக்கால் மணி நேரமாயிற்று. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை செந்நிற அலைகள். ஓசை என்று ஒன்று இல்லை. நாங்கள் மூவரும் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

அப்போது நண்பரின் கைப்பேசி ஒலித்தது. ஊரிலிருந்து அவருடைய எட்டு வயது மகள்.

"வாப்பா, தலை நோன்புக்கு வந்துருவீங்கல்ல? நான் காலண்டர்ல அடிச்சுக்கிட்டே வர்றேன்."

"வந்துடுவேன்மா. ரெண்டு நாள் முன்னே பின்னே ஆனா வாப்பாவைக் கோவிச்சுக்காதே" என்றார் அவர். பிறகு கைப்பேசியைத் திருப்பி மணற்குன்றுகளை மகளுக்குக் காட்டினார். அந்த 'முன்னே பின்னே' என் காதில் விழுந்தது. மனத்தில் விழவில்லை.

ஹாதிமின் ஊரில்

ஹாயிலைச் சூழ்ந்த அஜா, ஸல்மா மலைகள் தய்யு குலத்தாரின் நிலம். கொடைக்கும் விருந்தோம்பலுக்கும் பெயர்பெற்ற ஹாதிம் தாய் அக்குலத்தவர். மலையோரச் சிற்றூரான துவாரினில் அவருடைய வீடும் கப்ரும் என்று சில இடிபாடுகளைக் காட்டுகிறார்கள். மறுநாள் அங்கே சென்றோம். அஜா மலையின் கருஞ்சிவப்புப் பாறைகளின் இடுக்கில், பேரீச்சைகள் அடர்ந்த ஒரு கணவாயில் இரண்டு மணி நேரம் நடந்தபின், காற்றுக்கு ஒதுங்கி அமர்ந்தோம். நண்பர் சுள்ளி மூட்டித் தேநீர் வைத்தார்.

ஆசிரியர் தொழில் அல்லவா? கதை சொல்லும் ஆசை என்னை விடவில்லை. ஹாதிமின் குதிரைக் கதையைத் தொடங்கினேன். நீங்களும் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். ஹாதிமிடம் ஈடிணையற்ற குதிரை ஒன்று இருப்பதைக் கேள்வியுற்ற ரோமாபுரி வேந்தன், அதைக் கேட்டு வாங்கிவரத் தூதர் ஒருவரை அனுப்பினான். தூதர் வந்து சேர்ந்தது குளிரும் மழையும் மிகுந்த இரவு. மந்தைகள் தொலைதூர மேய்ச்சலில் இருந்தன. வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை. ஹாதிம் விருந்தாளியைப் பசியோடு படுக்கவிடவில்லை. சுட்ட இறைச்சி வந்தது. தூதர் வயிறார உண்டு உறங்கினார். விடிந்தபின் வந்த காரியத்தைச் சொன்னார். ஹாதிம் வருந்தி, இரவே சொல்லியிருக்கக் கூடாதா, நீங்கள் உண்டது அந்தக் குதிரையைத்தான் என்றார்.

தொடர்ந்து அவர் பிள்ளைகளின் வரலாற்றையும் சொன்னேன். ஹாதிமின் மகள் சிறைப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை விடுவித்து, உடையும் வாகனமும் வழிச்செலவும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் சொல்கேட்டுச் சகோதரர் அதீ (ரலி) மதீனா வந்தார். வந்தவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, இருந்த ஒரு தலையணையை அவருக்கு அளித்து அமரச்செய்து, அண்ணலார் தாம் வெறுந்தரையில் அமர்ந்தார்கள்.

நண்பர் தேநீரை ஊற்றியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ ஹஜ்ரத் ஆகிவிட்டாலும் கதை சொல்வதில் பழைய கடைசிப் பெஞ்சுக்காரன்தான்" என்று மட்டும் சொன்னார்.

அறியாத விருந்தாளிக்கு ஒரு குளம்

ஆறாம் நாள் ஹாயிலிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 120 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஃபைதுக்குச் சென்றோம். இராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் தர்பு ஸுபைதா என்னும் ஹஜ் சாலையின் நடுவழி நகரம் அது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார், 1,400 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட அச்சாலை நெடுகிலும் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைக்கத் தம் செல்வத்தை வழங்கினார். கி.பி. 831இல் அவர் மறைந்தார். 1184இல் இப்னு ஜுபைரும் 1326இல் இப்னு பதூதாவும் இவ்வழியே சென்றபோது ஃபைதில் தங்கியிருக்கிறார்கள். ஹாஜிகள் தங்கள் உணவுப் பொருட்களில் ஒரு பகுதியை இவ்வூராரிடம் அமானிதமாக ஒப்படைத்துவிட்டு மக்கா சென்று, திரும்பும்போது பெற்றுக்கொள்வது வழக்கமாக இருந்தது.

இன்று கருங்கல் கோட்டையின் அடிச்சுவர்களும், தூர்ந்த கிணறுகளும், நீர்த்தொட்டிகளும் எஞ்சியுள்ளன. அங்கு அரைநாள் நடந்தோம். பிறந்திராத தலைமுறைகளின் தாகத்துக்கு ஓர் அம்மையார் முன்கூட்டியே தண்ணீர் வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். அதில் அருந்திய எவரும் அவருக்கு நன்றி கூறியிருக்க முடியாது.

புரைதாவில் கேட்ட உண்மை

அன்றிரவு புரைதாவில் தையற்கடைத் தோழரின் வீட்டில் விருந்து. உணவுக்குப்பின் ஹாயில் நண்பர் வண்டிக்குப் பெட்ரோல் போடச் சென்றார். அதுவரை இரண்டு முறை பெட்ரோலுக்கு நான் வலிய பணம் கொடுத்திருந்தேன். அப்போது லிட்டர் 2.18 ரியால். அதோடு என் கடன் தீர்ந்தது என்று எண்ணியிருந்தேன்.

தையற்காரத் தோழர் கேட்டார்: "அவனுக்கு ஊருக்குப் போகும் தேதி மாறியது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"குளிர்காலத்தில்தான் அவர்கள் கம்பெனியில் எல்லா ஏ.சி.யையும் கழற்றிப் பூட்டும் வேலை. இப்போது தனியாக விடுமுறை கிடைக்காது. இரண்டு வருடத்துக்குச் சேர்ந்த அறுபது நாளில் ஒன்பது நாளை எடுத்துத்தான் உங்களோடு வந்திருக்கிறான். ஷவ்வால் கடைசியில் தங்கை மகள் கல்யாணம் இருப்பதால் பின்னால் குறைக்க முடியாது. முன்னால் குறைத்திருக்கிறான். தலை நோன்புக்கு நான்கு நாள் முன்பே போக இருந்தவன், ஐந்து நோன்பு கழிந்துதான் போவான்."

என் கையிலிருந்த கஹ்வா கோப்பையைக் கீழே வைத்தேன். வாசகர்களே, நான் சுவைத்து உண்டது ஹாதிமின் குதிரையைத்தான். அதை உண்டபடியே அந்தக் கதையையும் சொல்லியிருக்கிறேன்.

விருந்து மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தருமம், வீட்டாரை நெருக்கடிக்கு உள்ளாக்கும் அளவுக்கு விருந்தாளி தங்குவது ஆகுமானதன்று என்னும் நபிமொழியை நான் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். வீட்டில் உணவு இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் பொருள் என்று நினைத்திருந்தேன். வளைகுடாவில் உழைக்கும் மனிதனுக்கு உணவு குறைவதில்லை. அவனுக்குக் குறைவானது நாட்கள். மனைவி மக்களோடு இருக்க இரண்டாண்டுக்கு அறுபது நாட்கள். அவற்றில் ஒன்பதை நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ரியாத் செல்லும் வழியில் அவரிடம் கேட்டேன். "நீ ஹதீஸ் ஓதிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை" என்றார். வெகுநேரம் கழித்து, சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒவ்வொரு வருடமும் ஊரிலிருந்து எத்தனையோ பேர் உம்ராவுக்கு வருகிறார்கள். அத்தர் வாங்கிக் கொடு, பேரீச்சை வாங்கிக் கொடு என்று போன் வரும். என்னைப் பார்ப்பதற்காகவே வந்தவர்கள் நீங்கள் இருவர்தான்."

அதற்கு என்னிடம் விடையில்லை. வராமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? கேட்காமல் வந்திருக்கக் கூடாது என்றுதான் சொல்ல முடியும். முன்பே கேட்டிருந்தால் மதீனாவிலிருந்து பேருந்தில் ஹாயில் போய்ச் சேர்ந்திருப்போம். வார விடுமுறை நாட்களில் அவரோடு மணலில் நடந்துவிட்டு விடைபெற்றிருப்போம். ஒன்பது நாட்கள் இரண்டாகக் குறைந்திருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், நண்பர் கொடுத்தனுப்பிய பேரீச்சைப் பெட்டியோடு என் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். முன்கூடத்தில் அமர்ந்து, உள்ளே நின்ற அவர் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க எதுக்கு ஹஜ்ரத் மாப்புக் கேக்குறீங்க? கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்க என்கிட்ட கேட்டாங்க. கூட்டாளிங்க வர்றாங்க, நம்ம நாள்லேருந்து கொடுக்கட்டுமான்னு. நான்தான் சரின்னேன். அங்கே அவங்களைத் தேடி யார் போறா?"

குதிரையை அறுத்தவர் நண்பர் ஒருவரே என்று நினைத்திருந்தேன். அதில் பாதி அந்த அம்மையாருடையது. ஹாயிலில் அவர் தந்த விருந்தை இங்கிருந்தே அளித்தவர் அவர். அவர் பெயர் எந்தக் கதையிலும் வராது.

சிறுமி மட்டும் எதுவும் பேசவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் மார்ச் 12க்கு மேல் போட்டிருந்த வட்டத்தை அடித்துவிட்டு, 17இல் புது வட்டம் போட்டிருந்தாள். அதை நான் பார்த்தேன் என்பதை அவளும் பார்த்தாள்.

தலை நோன்பன்று நானும் என் மனைவியும் நோன்புக் கஞ்சியும் வடையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்று நோன்பு திறந்தோம். ஒரு கிண்ணம் கஞ்சியால் ஒரு தந்தையின் இடத்தை நிரப்ப முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும் சென்றோம்.

அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் தோழர், உங்கள் அண்டை வீட்டார் எவரேனும் அந்தப் பாலைவன நகரங்களில் இருப்பார்கள். உம்ராவுக்குச் செல்லும்போது அவர்களைப் பட்டியல் கொடுத்து வேலை வாங்காதீர்கள். இயன்றால் நேரில் சென்று பாருங்கள். குளிர்காலத்தில் செல்லுங்கள், அவர்களோடு மலையில் நடங்கள், மணலில் அமருங்கள். ஆனால் புறப்படுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இது உன் விடுமுறையில் எத்தனை நாள்?" அவர் சிரித்து மழுப்புவார். அவர் வாய்மொழியை நம்பாமல் அவர் இல்லத்தாரிடமும் கேளுங்கள். பிறகு உங்கள் நாட்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

தூர தேசங்களில் உழைக்கும் நம் சகோதரர்களின் நாட்களில் வல்ல அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக! அவர்களுக்காக நாட்களை எண்ணிக்கொண்டு வீட்டில் காத்திருப்போரின் பொறுமைக்கும் நிறைவான கூலியை வழங்குவானாக! ஆமீன்.